உப்ஸாலாவில் மாணவர் வாழ்க்கை

ஸ்வீடன் தேசத்தைத் தமிழர்கள் பெரும்பாலும் டிசம்பர் மாதம் பத்தாம் தேதியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கின்றனர். 1930-இல் ஸர் சி. வி. ராமனும், 1983-இல் அவருடைய தமையனாரின் குமாரர் சுப்பிரமணியன் சந்திரசேகரும், 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் நோபல் பரிசைப் பெற்றது அந்நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில்தான். அரசர் கையினின்று பதக்கம் பெறும் அந்தக் காட்சியைப் படங்களில் கண்டு நாம் பெருமிதம் கொண்டதுண்டு. ஆயினும் அவர்கள் விருந்தினராகச் சென்றவர்கள். ஒரு வாரம் தங்கினார்கள், உபசாரங்களைப் பெற்றார்கள், திரும்பினார்கள். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவில், ரயிலில் ஏறினால் முக்கால் மணிக்குள் சென்றுவிடக்கூடிய உப்ஸாலா நகரில், பெட்டியில் புளியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு போய் இரண்டு ஆண்டுகள் வாழ்கின்ற மாணவர்களின் கதை வேறு. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய பயணம் முற்றிலும் புதியதன்று. 1950-களில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துப் புதுதில்லியில் இறங்கிய நம் முன்னோர், கரோல் பாகில் ஓர் அறையை நால்வராகப் பகிர்ந்துகொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டு, முதல் ஜனவரியில் ரஜாய் என்ற பொருளின் அருமையை உணர்ந்து, அறியாத மொழியில் காய்கறி வாங்கக் கற்றவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இப்பொழுது மேலும் வடக்கே செல்கிறார்கள். சென்னையைவிடத் தில்லி பூமத்திய ரேகைக்குப் பதினைந்து பாகை அப்பால் இருக்கிறது. உப்ஸாலாவோ தில்லியைவிட முப்பத்தொரு பாகை அப்பால், அறுபதாவது அட்சரேகையை ஒட்டி அமைந்தது.

உப்ஸாலாப் பல்கலைக் கழகம் 1477-இல் தோன்றியது. வடநாடுகளில் அதுவே மிகத் தொன்மையானது. நகரின் நடுவே பீரிஸ் என்னும் சிறிய ஆறு ஓடுகிறது; ஒரு கரையில் பேராலயமும் கல்விக்கூடங்களும், மறு கரையில் கடைவீதியும் இருக்கின்றன. தில்லியின் அளவுகோலில் அதை நகரம் என்பதற்கே நாம் சற்றுத் தயங்குவோம். எனினும் நம்முடைய அன்றாட வாழ்வில் அவ்வூரின் சுவடுகள் உண்டு. இன்று வெப்பநிலை நாற்பத்திரண்டு டிகிரி செல்ஸியஸ் என்று வானொலி அறிவிக்கும்போது, 1742-இல் அவ்வளவையை வகுத்த உப்ஸாலா வானவியல் ஆசிரியர் ஆண்டர்ஸ் செல்ஸியஸின் பெயர்தான் உச்சரிக்கப்படுகிறது. அவர் கொதிநிலையைப் பூஜ்யம் என்றும் உறைநிலையை நூறு என்றும் வைத்தார். பின்வந்தவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வழக்கிற்குக் கொண்டுவந்த கார்ல் லின்னேயஸ் 1741 முதல் அங்கே பேராசிரியராக இருந்தவர். மாணவர் பெட்டியில் கொண்டுசெல்லும் புளிக்கு ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்ற சாஸ்திரப் பெயரை 1753-இல் சூட்டியவர் அவரே. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தாவர நூலார் இன்று கூறுவர். அதைக் கேட்டு நம்மவர் யாரும் புளிக்குழம்பை விட்டுவிடப் போவதில்லை.

அங்கே செல்லும் பிள்ளைகளைப் பற்றி நாம் முதலில் கவலைப்படுவது குளிரைக் குறித்தே. சில நாட்களில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகைவரை இறங்குவதுண்டு என்பது உண்மைதான். ஆனால் குளிருக்குப் பரிகாரம் உண்டு. அங்குள்ள வீடுகளின் சன்னல்கள் இரட்டைக் கண்ணாடி இட்டவை. சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. வெளியே பனி கொட்டினாலும் அறைக்குள் இருபது பாகை வெப்பம் இருக்கும். ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாயுடன் நடமாடும் தில்லிவாசிக்கு இது வியப்பாகத் தோன்றும். உள்ளே நடுங்குபவர்கள் நாம்தாம், அவர்கள் அல்லர்.

பரிகாரம் எளிதில் கிட்டாதது இருட்டு. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் அங்கே காலை ஒன்பது மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆறு மணி நேரமே பகல். அதிலும் பாதி நாட்கள் மேகமூட்டம். காலை வகுப்பிற்கு இருளில் சைக்கிள் மிதித்துச் சென்று, மாலை வகுப்பு முடிந்து இருளிலேயே திரும்ப வேண்டும். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கில்லாவிடில் அபராதம் விதிக்கப்படும். எல்லாவற்றினும் கடினமானது நவம்பர் மாதமே என்பர். இலைகள் யாவும் உதிர்ந்திருக்கும். பனியோ இன்னும் நிலைத்திராது. தரை கறுத்து ஈரமாகக் கிடக்கும். பனி படிந்த பிறகு அதன் வெண்மையே ஒரு விளக்குப்போல உதவுகிறது. நவம்பர் இறுதியில் ஒவ்வொரு சன்னலிலும் விளக்கு வரிசையும் காகித நட்சத்திரமும் தோன்றும். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி லூசியாத் திருநாளில் வெள்ளுடை அணிந்த பெண்கள் தலையில் மெழுகுவத்தி வளையம் சூடிப் பாடிக்கொண்டு வருவார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நாம் கார்த்திகை விளக்கு ஏற்றுகிறோம். இருள் மிகும் பருவத்தில் விளக்கு வைக்கத் தோன்றுவது மனித இயல்பு போலும். வெயில் படாத மாதங்களில் உடலுக்கு டி வைட்டமின் குறைந்துவிடுமாதலால், கடையில் விற்கும் பாலிலேயே அதைச் சேர்த்திருக்கிறார்கள். நம் போன்ற கருநிறத் தோலுடையவர்களுக்கு அது இன்னும் அதிகம் தேவை என்பதைப் புறப்படும்போதே வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

தங்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீண்ட நடைவழியின் இருபுறமும் தனித்தனி அறைகள், பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பொதுவாக ஒரு சமையலறை என்பது அங்குள்ள மாணவர் விடுதியின் பொதுவான அமைப்பு. சமைத்துப் போட ஆள் கிடையாது, மெஸ் கிடையாது. அவரவருக்கு ஓர் அலமாரி, குளிர்பெட்டியில் ஒரு தட்டு; அவ்வளவே. தமிழ்ப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் தாளித்தால், கூரையிலுள்ள புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கும். கட்டடம் முழுவதும் வெளியே வந்து பனியில் நிற்கும். ஆகவே தாளிப்பைச் சிறு தீயில், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யப் பழகுகிறார்கள். பெருங்காயத்தை மூன்று டப்பாக்களுக்குள் ஒன்றனுள் ஒன்றாக வைப்பதும் உண்டு. துணி துவைக்கப் பொது இயந்திர அறை இருக்கிறது. அதற்கு நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். ஒருவர் தம் நேரத்திற்குமேல் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டால், யாரும் முகத்துக்கு நேரே கடிந்துகொள்ளமாட்டார்கள். சுவரில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். இத்தனை அடக்கமுடைய ஊரில், ப்ளோக்ஸ்டா என்னும் மாணவர் குடியிருப்பில் மட்டும் ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குச் சன்னல்களைத் திறந்து எல்லோரும் உரக்கக் கூச்சலிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. பகலெல்லாம் பேசாததை அந்த ஒரு நிமிஷத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

வகுப்புகளின் முறையும் வேறு. பத்து மணி என்று அட்டவணையில் போட்டிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். அதற்குக் ‘கல்விக் கால்மணி’ என்றே பெயர். ஆலய மணியைக் கேட்டு மாணவர் புறப்பட்டு வந்த காலத்தின் எச்சம் அது. பத்தேகாலுக்குப் பிறகு வருவது மட்டும் மன்னிக்கப்படுவதில்லை. நம்மைப் போல் ஐந்தாறு பாடங்களை ஒருங்கே நடத்தாமல், பெரும்பாலும் ஒரு பாடத்தை ஐந்து வாரங்கள் நடத்தி, தேர்வு வைத்து முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்குகிறார்கள். தேர்வுத் தாளில் பெயருக்குப் பதிலாக இரகசியக் குறியெண் இருக்கும். தேர்வு நான்கு ஐந்து மணி நேரம் நீளும். வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டுபோய் நடுவில் தின்றுகொண்டே எழுதலாம். தவறியவர் மறுபடி எழுதலாம்; அதை அவமானமாக யாரும் கருதுவதில்லை. முதல் வகுப்பும் தரவரிசையுமே உலகம் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவை பழகச் சில மாதங்கள் ஆகின்றன.

ஆனால் பழகுவதற்கு மிகவும் அரியது ஒரு சிறிய சொல். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தெரியும், ஆங்கிலத்திலுள்ள முன்னிலைப் பெயர் எத்தகைய இடர்ப்பாடு என்பது. அதைத் தமிழில் நீ என்பதா, நீர் என்பதா, நீங்கள் என்பதா, தாங்கள் என்பதா என்று நாள்தோறும் எண்ணிப் பார்க்க நேர்கிறது. ஸ்வீடிஷ் மொழிக்கும் ஒரு காலத்தில் அத்தொல்லை இருந்தது. பெரியவரை நேரே விளிப்பது மரியாதை ஆகாது. ‘பேராசிரியர் காப்பி அருந்துவாரா?’ என்று அவரிடமே படர்க்கையில் கேட்க வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் அவ்வழக்கம் மிக விரைவாக மறைந்தது. 1967-இல் அந்நாட்டு மருத்துவ நிர்வாகத்தின் தலைவராகப் பதவியேற்ற புரூர் ரெக்ஸெட் என்பார், தம் அலுவலகத்தில் எல்லோரையும் ‘டூ’ என்றே, அதாவது நீ என்றே, அழைக்கப் போவதாகக் கூறினார். மற்றவர்களும் தம்மை அவ்வாறே அழைக்கலாம் என்றார். அம்மாற்றம் அவரால் மட்டும் வந்ததன்று. எனினும் அதற்கு அடையாளமாக அவர் பெயர் நின்றுவிட்டது. இன்று அங்கே மாணவர் பேராசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்.

என் தமக்கையின் மகள் தில்லியில் பள்ளியும் கல்லூரியும் முடித்து, உப்ஸாலாவில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புப் படித்தவள். அறுபது வயதைக் கடந்த ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க அவளுக்கு நா எழவில்லை. மூன்று மாதம் விளிச்சொல்லே இல்லாத வாக்கியங்களாகப் பேசிக் காலங்கடத்தினாளாம். “மன்னியுங்கள் என்று தொடங்கிவிட்டால் போதும் மாமா, பெயர் தேவைப்படாது” என்றாள். இதை நாங்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்தோம். சிரிப்பதற்கு மட்டுமல்லாத ஒன்றும் அதில் இருந்தது என்பது பிறகுதான் புலப்பட்டது.

நம் நாட்டில் ‘ஸார்’ என்ற விளிக்குள் ஓர் ஒப்பந்தம் அடங்கியிருக்கிறது. மாணவன் வணங்குகிறான்; அதற்கு ஈடாக ஆசிரியர் ஓரளவு காவலராகிறார். இரண்டு நாள் வகுப்பிற்கு வராவிடில் ஏன் என்று கேட்பார். அவசியமானால் தந்தைக்குச் சொல்லி அனுப்புவார். பெயர் சொல்லி அழைக்கும் ஊரில் அந்த ஒப்பந்தம் இல்லை. பதினெட்டு வயது கடந்தவர் முழு மனிதர்; அவர் வாராமலிருந்தால் வாராமலிருக்க முடிவு செய்தார் என்றே கொள்வர். அதை விசாரிப்பது அவருடைய சுதந்திரத்தில் தலையிடுவதாகும். நம்மவர் இதனை மனத்தின் வறட்சி என்று எண்ணிவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது மரியாதையின் ஒரு வடிவம். கேளாதவருக்கு யாரும் எதுவும் தருவதில்லை. கேட்டவருக்கு மறுப்பதும் அரிது.

என் மருமகளுக்கு இது முதல் நவம்பரில் தெரியாமற் போயிற்று. இரவு பகல் வேறுபாடு குழம்பி, பத்து மணிவரை உறங்கினாள். ஒரு நாள் வகுப்பைத் தவறவிட்டாள், பிறகு ஒரு வாரம். ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. டிசம்பர்த் தேர்வில் தவறினாள். வீட்டின்மீது கல்விக் கடன் இருந்தது. படிப்பில் போதிய முன்னேற்றம் காட்டாத அயல்நாட்டு மாணவருக்குத் தங்கும் அனுமதி நீட்டிக்கப்படுவதும் அரிது. இவையெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே வாய் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் தாயார் “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்பாள், இவளும் “சாப்பிட்டேன்” என்பாள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பிப்ரவரிவரை அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் உண்மை தெரியாது. முடிவில் பாட ஆலோசகருக்கு அவள் நான்கு வரி எழுதினாள். அன்றே பதில் வந்தது. நாள், மணி, அறை எண், அவ்வளவே. அங்கே போனபோது அவளுக்காக ஒரு முழு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. விடுபட்ட பாடங்களை எந்த வரிசையில் முடிப்பது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மாணவர் நல மருத்துவ நிலையத்திற்கும் வழி காட்டினார்கள். மறுதேர்வில் தேறினாள். இதையெல்லாம் அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பிள்ளையை அனுப்பிவைத்த பெற்றோர் ‘சாப்பிட்டாயா’ என்பதோடு நிறுத்தாமல், இந்த வாரம் எந்தப் பாடம் நடக்கிறது, அதற்குத் தேர்வு எப்பொழுது, நேற்று யாரோடு பேசினாய் என்றும் கேட்க வேண்டும் என்பது அவளுடைய விண்ணப்பம்.

யாரோடு பேசுவது என்பதற்கு அவ்வூரிலேயே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்வீடனின் வெவ்வேறு மாகாணங்களிலிருந்து உப்ஸாலா வந்த மாணவர்கள், ஊர் ஏக்கம் தாளாமல், தத்தம் மாகாணத்தாரோடு கூடிச் சங்கங்கள் அமைத்தார்கள். அவற்றுக்கு ‘நேஷன்’ என்று பெயர். பல்கலைக் கழகம் முதலில் அவற்றைத் தடுக்கப் பார்த்தது. முடியாமற் போகவே ஏற்றுக்கொண்டு, பின்னர் எல்லா மாணவரும் ஏதேனும் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்று விதித்தது. அந்தக் கட்டாயம் 2010-இல்தான் நீங்கியது. இன்று அத்தகைய சங்கங்கள் பதின்மூன்று உள்ளன. சொந்தக் கட்டடம், நூலகம், பாட்டுக் குழு, மலிவான பகலுணவு எல்லாம் உண்டு. எந்த நாட்டு மாணவரும் எதில் வேண்டுமானாலும் சேரலாம். 1946-இல் தில்லியில் தமிழ்ச் சங்கம் கண்டவர்களுக்கு உப்ஸாலாவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆயினும் காரணம் ஒன்றே. சங்கத்தின் சமையலறையில் வாரம் ஒரு மாலை வேலை செய்ய முன்வருவதே நண்பர்களைப் பெறச் சிறந்த வழி என்று அங்கிருந்தவர்கள் கூறுகிறார்கள். சும்மா எதிரெதிரே அமர்ந்து பேசுவதற்குக் கூச்சப்படும் ஸ்வீடிஷ் மக்கள், உருளைக்கிழங்கு உரிக்கும்போது தாராளமாகப் பேசுவார்களாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவம்வரை ஸ்வீடனில் எந்நாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. அதன் பிறகு ஐரோப்பியக் கூட்டமைப்பைச் சாராத நாட்டினர் கட்டணம் செலுத்த வேண்டும். டென்மார்க் 2006-இலும், பின்லாந்து 2017-இலும், நார்வே 2023-இலும் இதே வழியைப் பின்பற்றின. ‘வடநாடுகளில் படிப்பு இலவசம்’ என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறோம், அது பழங்கதை. விண்ணப்பம் நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில், பொதுவாக ஜனவரி நடுவில் முடிவடைகிறது; வகுப்புகள் ஆகஸ்டு இறுதியில் தொடங்கும். முதல் தவணைக் கட்டணத்தைச் செலுத்திய பின்பே தங்கும் அனுமதிக்கு மனுச் செய்ய முடியும். அத்துடன், மாதம் ஒன்றுக்குப் பத்தாயிரம் குரோனருக்கு மேற்பட்ட வாழ்க்கைச் செலவுத் தொகையை மாணவர் தம் பெயரிலுள்ள கணக்கிலேயே காட்ட வேண்டும். பகுதிநேர வேலை செய்து கட்டணத்தை அடைத்துவிடலாம் என்று கணக்கிட்டுச் செல்வது விவேகமன்று. ஸ்வீடிஷ் மொழி தெரியாதவர்க்குக் கிடைக்கும் வேலை மிகச் சில. முனைவர் பட்ட ஆராய்ச்சியின் நிலை முற்றிலும் வேறு. அங்கே ஆராய்ச்சி மாணவர் பெரும்பாலும் பல்கலைக் கழகத்தின் ஊழியராகச் சம்பளம் பெறுகிறார், கட்டணம் கிடையாது. ஆகையால் இங்கேயே முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குச் செல்பவர் கடன்படாமலே தப்பித்துக்கொள்ளலாம். இதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை.

கரோலினா ரெடிவிவா என்னும் நூலகத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே வெள்ளி மையால் ஊதா நிறத் தோலேடுகளில் எழுதப்பட்ட ஆறாம் நூற்றாண்டு விவிலியச் சுவடி ஒன்று இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வுல்பிலா என்னும் சமயத் தலைவர் காதிக் மொழியில் செய்த மொழிபெயர்ப்பு அது. பேசுவோர் எல்லாம் மறைந்துபோன அம்மொழியைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும் பகுதி இந்த ஒரு மொழிபெயர்ப்பின் வாயிலாகவே. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அதன் முன் சிறிது நேரம் நிற்கக் கடமைப்பட்டவர்கள். தமிழுக்கும் அவ்வூரில் இடமுண்டு. ஈழத்துப் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை அங்கே பணியாற்றியவர். அவரும் சமய வரலாற்றுப் பேராசிரியர் பீட்டர் ஷால்கும் பங்குகொண்டு உருவாக்கிய, தமிழரிடையே பௌத்தம் பற்றிய இரு பகுதி ஆய்வு நூல் 2002-இல் உப்ஸாலாவில் வெளிவந்தது. மணிமேகலையைப் பற்றிப் பனிக்காலத்து உப்ஸாலாவில் படிக்கலாம்.

ஏப்ரல் முப்பதாம் தேதி குளிர்காலத்தை வழியனுப்பும் திருநாள். காலையில் மாணவர்கள் தாங்களே கட்டிய விநோதத் தெப்பங்களில் பீரிஸ் ஆற்றில் இறங்கி, அணைச்சரிவில் பலர் கவிழ்ந்து நனைகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அந்நூலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் வெள்ளைத் தொப்பியை உயர்த்தி அசைக்கிறார்கள். அதன் பிறகு பகல் நீண்டுகொண்டே போகும். ஜூன் மாதத்தில் பதினெட்டரை மணி நேரம் வெயில். உறங்குவதற்குச் சன்னலில் கறுப்புத் திரை கட்ட வேண்டும். நவம்பரில் எழ முடியாதவர்கள் இப்பொழுது படுக்க முடியாமல் தவிப்பார்கள். கோடையில் பிறருடைய காட்டிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம்; அது அந்நாட்டில் எல்லோர்க்கும் உள்ள உரிமை. முதலாண்டு முடிந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் என் மருமகள் இரவு பத்து மணிக்கு, வானில் சூரியன் நிற்பதைக் காட்டுவதற்காக, தொலைபேசியைச் சன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு தாயாரை அழைத்தாள். தில்லியில் அப்பொழுது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. என் தமக்கை தூக்கக் கலக்கத்தில் திரையைப் பார்த்துவிட்டு, “இந்நேரம்வரை விளக்கை அணைக்காமல் என்ன செய்கிறாய்?” என்று கேட்டாள்.